துடுப்பு முளைத்த கார்கள்

ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட்டுக்கு வடக்கே உட்வர்ட் அவென்யூவில் நிற்க இடம் கிடைக்காது. பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அன்றைக்கு அதைத் துடைத்து வெளியே எடுத்து, ஃபெர்ன்டேலுக்கும் பான்டியாக்குக்கும் நடுவே மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டிருப்பார்கள். நம்மூர்த் தேரோட்டம் மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே தேர்கள் ஆயிரக்கணக்கில். போன முறை மாமனாரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஈரோடு ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் 22 வருஷம் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் குனிந்து அடியைப் பார்ப்பார், அப்புறம்தான் மேலே பார்ப்பார்.

ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் வெள்ளை நிற 1959 கேடிலாக் ஒன்று நின்றிருந்தது. ஏறத்தாழ 5.7 மீட்டர் நீளம். பின்பக்கம் இரண்டு பெரிய துடுப்புகள், ஒவ்வொன்றிலும் தோட்டா வடிவத்தில் இரட்டைச் சிவப்பு விளக்கு. மாமா அதை இரண்டு சுற்று சுற்றினார். துடுப்பின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, இது எதுக்குங்க?"

"சும்மாதானுங்க மாமா. அழகுக்கு."

"அழகுக்கு இத்தனை தகரமா? பிரேக்கு?"

"நாலு வீலும் டிரம் பிரேக்குங்க."

"அட, நம்ம அம்பாசிடர் மாதிரியேவா?" என்று சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டார். 2 டன்னுக்கு மேல் எடை, 6.4 லிட்டர் எஞ்சின், அதை நிறுத்த நான்கு டிரம். அவருக்கு அதற்கு மேல் அந்த வண்டியிடம் பேச ஒன்றுமில்லை.

எனக்கு இருந்தது. அந்தக் கேடிலாக்கை நான் ரசிக்கிறேன் என்பதுதான் பிரச்சினை. அதைத் திட்டி எழுதப்பட்ட புத்தகங்களையும் படித்திருக்கிறேன், அவற்றில் பெரும்பகுதி சரி என்றும் தெரியும். தெரிந்தும் ரசிக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நான் பிழைப்புக்குச் செய்வது கார்களின் டேஷ்போர்டுத் திரைக்கு மென்பொருள் எழுதும் வேலை. எங்கள் ஃபோல்டர்களுக்கெல்லாம் முன்னொட்டாக 'மாடல் இயர்' என்பதன் சுருக்கம் இருக்கும். வருஷா வருஷம் எதையாவது மாற்ற வேண்டும் என்ற அந்தச் சட்டத்துக்குள்தான் என் சம்பளமும் வருகிறது. ஆகவே இது நடுநிலையான விமர்சனம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கதையின் தொடக்கம் எல்லாரும் அறிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி 1908இல் வந்தது, 1927 வரை ஓடியது, ஒன்றரைக் கோடி வண்டி. விலை ஏறவில்லை, இறங்கிக்கொண்டே போனது. நடுவில் பல ஆண்டுகள் கறுப்பு மட்டுமே. ஒரு பொருளைச் சரியாகச் செய்துவிட்டால் அதை மாற்ற வேண்டியதில்லை என்பது ஃபோர்டின் நம்பிக்கை. ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃப்ரெட் ஸ்லோன் எம்ஐடியில் மின்பொறியியல் படித்தவர், பேரிங் வியாபாரத்திலிருந்து வந்தவர், கணக்குப்பிள்ளை மனம். அவர் கண்டுகொண்டது, கார் வாங்க வேண்டியவர்கள் பெரும்பாலும் வாங்கி முடித்துவிட்டார்கள் என்பதை. இனிமேல் ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஏற்கெனவே ஒரு கார் வைத்திருப்பவர். ஓடுகிற வண்டியை விட்டுவிட்டு அவர் ஏன் புதிது வாங்க வேண்டும்? இதற்கு ஸ்லோனிடம் இரண்டு பதில்கள். ஒன்று ஏணி: செவ்ரோலேயில் தொடங்கி பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், ப்யூக், கேடிலாக் என்று வருமானத்துக்குத் தக்க படிகள். இரண்டாவது நாட்காட்டி: ஆண்டுதோறும் புதிய முகம்.

முகத்தைச் செய்ய ஒரு ஆள் வேண்டுமே. ஹாலிவுட்டில் சினிமா நட்சத்திரங்களுக்கு விசேஷ வண்டி கட்டிக் கொடுத்த குடும்பத்துப் பிள்ளை ஹார்லி எர்ல் வந்து சேர்ந்தார். அவர் வடிவமைத்த லசால் 1927இல் வந்தது. அதே ஆண்டு அவருக்காக 'ஆர்ட் அண்ட் கலர்' என்று ஒரு பிரிவே உருவாக்கப்பட்டது. எஞ்சினியர்கள் அதை அழகு நிலையம் என்று கேலி பேசியதாகச் சொல்வார்கள். பத்தே ஆண்டுகளில் எஞ்சினியர்கள் அந்த அழகு நிலையத்தின் வாசலில் அனுமதிக்காகக் காத்திருக்கும் நிலை வந்தது.

எர்ல் கொண்டுவந்த மிகப்பெரிய மாற்றம் துடுப்பு அல்ல, களிமண். அதுவரை கார் உடலை மரத்திலும் தகரத்திலும் யோசித்தார்கள். மரமும் தகரமும் அனுமதிக்கும் வளைவுதான் வரும். எர்லின் கூடத்தில் முழு அளவுக் காரையே களிமண்ணில் பிடித்தார்கள். கையால் வழித்து, சுரண்டி, மறுபடி அப்பி. பானை செய்பவரின் கைக்கு எப்படி வளைவு வருமோ அப்படி வந்த வளைவுகள் அவை. பிடித்து முடித்ததன்மேல் வண்ணப் படலம் ஒட்டி, குரோமியத்துக்குப் பதிலாகத் தகடு ஒட்டினால் நிஜக் கார் மாதிரியே நிற்கும். நான் அருங்காட்சியகங்களில் 1938இன் ப்யூக் ஒய்-ஜாப் தொடங்கிப் பலவற்றை நேரில் பார்த்திருக்கிறேன். பின்புற மட்கார்டு தரையை நோக்கி இறங்கும் இடத்தில் ஒரு நிழல் விழும் பாருங்கள், அதைப் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. யாரோ ஒருவர் பல நாள் உள்ளங்கையால் தடவித் தடவிச் சரிபார்த்த நிழல் அது.

துடுப்பு 1948இல் வந்தது. லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து எர்லின் ஆட்களுக்குத் தோன்றிய எண்ணம், கேடிலாக்கின் பின்விளக்கில் ஒரு சிறு புடைப்பாக முளைத்தது. அடுத்த ஆண்டு ப்யூக்கின் பக்கவாட்டில் வட்ட ஓட்டைகள் வந்தன. சின்ன ப்யூக்குக்கு மூன்று, பெரிய ரோட்மாஸ்டருக்கு நான்கு. அவை சீக்கிரமே வெறும் அலங்காரம் ஆகிவிட்டன. ஆனால் ஓட்டையை எண்ணினால் பக்கத்து வீட்டுக்காரரின் சம்பளம் தெரிந்துவிடும். இதைவிடச் சுருக்கமான ஒரு தகவல் தொடர்பு நெறியை நான் பார்த்ததில்லை. இரண்டு பிட் போதும்.

இங்கேதான் வழக்கமான விமர்சனம் தொடங்கும். வான்ஸ் பேக்கார்டின் 'தி வேஸ்ட் மேக்கர்ஸ்' 1960இல் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ஜான் கீட்ஸின் 'தி இன்சலன்ட் சாரியட்ஸ்'. இரண்டுமே கோபமும் கிண்டலும் கலந்தவை. அவற்றின் வாதத்தை ஒரு வரியில் சொன்னால், மக்களை ஏமாற்றினார்கள், நல்ல வண்டியைப் பழசாகத் தோன்றவைத்து அடுத்ததை விற்றார்கள். எர்லே இதை மறைக்கவில்லை. மக்களைத் தங்கள் பழைய காரில் அதிருப்தி கொள்ளவைப்பது தன் வேலை என்று பெருமையாகவே பேசியவர். குற்றவாளி ஒப்புக்கொண்ட வழக்கு, இதில் தீர்ப்பு எழுத என்ன இருக்கிறது?

ஆனால் இந்த ஏமாற்று வாதம் எனக்குப் போதவில்லை. வாங்கியவர்களுக்குத் துடுப்பு பறக்காது என்று தெரியும். பட்டுப்புடவை வாங்குகிறவரிடம் 'பருத்திதான் உடம்புக்கு நல்லது, உங்களை ஏமாற்றிவிட்டார்கள்' என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அலங்காரத்தைப் பாவமாகப் பார்க்கும் விமர்சகர், காரின் உள்ளே நிஜமாக என்ன நடந்தது என்பதைத் தவறவிட்டுவிடுகிறார். கெடுதி துடுப்பில் இல்லை, நாட்காட்டியில் இருந்தது என்பது என் கட்சி.

இப்படிப் பாருங்கள். 12 மாதத்துக்கு ஒருமுறை கார் புதிதாகத் தெரிய வேண்டும் என்று விதி வைத்தால், 12 மாதத்தில் எதை மாற்ற முடியுமோ அதுதான் மாறும். கிரில்லை மாற்றலாம். பின்விளக்கை, குரோமியப் பட்டையை, இரட்டை வண்ணத்தின் பிரிகோட்டை மாற்றலாம். கதவின் அச்சு விலை அதிகம், அதை மூன்று ஆண்டு வைத்துக்கொள்ள வேண்டும். சட்டகமோ சஸ்பென்ஷனோ பிரேக்கோ என்றால் சோதனை ஓட்டமே வருடக்கணக்கில் போகும். ஆக, ஒரு நிறுவனத்தின் நல்ல மூளைகளும் பணமும் கவனமும் எங்கே போகும்? தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும். யாரும் ஒரு அறையில் கூடி உட்கார்ந்து 'பிரேக்கைக் கவனிக்க வேண்டாம்' என்று சதி செய்ய வேண்டியதே இல்லை. அட்டவணை அந்த முடிவைத் தானாகவே எடுத்துவிடும். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டு வார ஸ்பிரின்ட்டுக்குள் அடங்காத வேலை, முக்கியமில்லாத வேலை ஆகிவிடுவதைத் தினமும் பார்க்கிறோம்.

இதற்கு நான் காட்டும் சாட்சி கேடிலாக் அல்ல, ஹட்சன்.

டெட்ராய்ட்டில் ஹட்சன் என்று ஒரு சிறிய நிறுவனம். அவர்கள் 1948 மாடலாகக் கொண்டுவந்த கார், அந்தக் காலத்தின் மிக நல்ல யோசனைகளில் ஒன்று. மற்றவர்களின் கார்களில் பெரும்பாலும் அடியில் ஏணி மாதிரி ஒரு சட்டகம், அதன்மேல் தூக்கி வைத்த உடல். ஹட்சனில் சட்டகமும் உடலும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடு. தரைப்பலகை சட்டகத்தின் மேல் இல்லை, அதற்கு நடுவே கீழே இறக்கப்பட்டிருந்தது. கதவைத் திறந்தால் காருக்குள் ஏறமாட்டீர்கள், இறங்குவீர்கள். சட்டகத்தின் பக்கச் சட்டங்கள் பின்சக்கரங்களுக்கும் வெளியே சுற்றிப் போயின. பக்கவாட்டில் யாராவது மோதினால் முதலில் வாங்கிக்கொள்வது அந்த இரும்பு. புவியீர்ப்பு மையம் தாழ்ந்ததால் வளைவுகளில் அந்த வண்டியைப் பிடிக்க முடியவில்லை. வி8 எஞ்சின்கள் வந்துவிட்ட காலத்தில், ஆறு சிலிண்டர் எஞ்சினோடு ஹட்சன் ஹார்னெட் 1952 நாஸ்கார் பருவத்தின் 34 பந்தயங்களில் 27ஐ வென்றது. பிக்ஸாரின் 'கார்ஸ்' படத்தில் வரும் தாத்தாக் கார் டாக் ஹட்சனை ஞாபகம் இருக்கிறதா, அது இதுதான்.

அந்தக் கார் ஹட்சனைக் கொன்றது என்று சொன்னால் மிகை, ஆனால் ரொம்ப மிகையில்லை. தோலும் எலும்பும் ஒன்றாக இருந்ததால் தோலை மட்டும் மாற்ற வழியில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேல்சட்டையை மாற்றிக்கொண்டே இருந்தது. ஹட்சன் முகம் மாற்ற வேண்டுமென்றால் முழுக் கட்டுமானத்தையும் மறுபடி யோசிக்க வேண்டும், அதற்குப் பணம் இல்லை. 1948இல் எதிர்காலம் மாதிரி இருந்த கார் 1953இல் அதே கார். ஷோரூமில் பக்கத்துக் கடையில் ஐந்து புது முகங்கள் வந்து போயிருந்தன. 1954இல் நாஷுடன் இணைக்கப்பட்டு ஹட்சனின் டெட்ராய்ட் ஆலை நின்றது, 1957இல் பெயரும் போனது. அதே 1954இல்தான் பேக்கார்டும் ஸ்டூடிபேக்கரும் ஒன்றோடொன்று சேர்ந்து நின்று பார்த்தன. பேக்கார்ட் 1958 வரை, ஸ்டூடிபேக்கர் கனடாவில் 1966 வரை தாக்குப்பிடித்தது.

நல்ல கட்டுமானம் தோற்றது என்பதல்ல இதில் என்னை உறுத்துவது. கட்டுமானம் நன்றாக இருந்த காரணத்தாலேயே தோற்றது என்பதுதான். எங்கள் தொழிலில் திரையை வேறாகவும் அதன் அடியில் இயங்குவதை வேறாகவும் பிரித்து வைக்க வேண்டும் என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிறார்கள், அதை ஒழுக்க விதி மாதிரி நானும் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிரிவினைக்கு ஒரு வியாபாரக் காரணமும் உண்டு என்று ஹட்சனைப் படித்த பிறகுதான் உறைத்தது.

நாட்காட்டியின் வேகம் கூடக் கூட என்ன ஆனது என்பதற்கு 1957ஐப் பார்க்கலாம். கிரைஸ்லரில் வெர்ஜில் எக்ஸ்னர் என்ற வடிவமைப்பாளர் தாழ்ந்த கூரை, மெலிந்த தூண்கள், உயர்ந்த துடுப்புகளோடு ஒரு வரிசையைக் கொண்டுவந்தார். 1960 இப்போதே வந்துவிட்டது என்ற பொருளில் ப்ளிமத்துக்கு விளம்பரம். உண்மையிலேயே அழகான வண்டிகள். அடியில் டார்ஷன் பார் சஸ்பென்ஷன், ஓட்டவும் நன்றாக இருந்தவை. எக்ஸ்னர் துடுப்புக்கு ஒரு காரணமும் வைத்திருந்தார், பக்கக்காற்றில் காரை நிலையாக வைக்குமாம். (மாமாவின் கேள்விக்கு அதிகாரபூர்வ பதில் இருந்திருக்கிறது, எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.) ஆனால் அவசரத்தில் பிறந்த வண்டிகள். மழைத் தண்ணீர் உள்ளே ஒழுகியது, துரு சீக்கிரமே பிடித்தது, அந்தக் கெட்ட பெயர் கிரைஸ்லருக்குப் பல வருஷம் போகவில்லை.

1956 கோடையில் ஜெனரல் மோட்டார்ஸின் இளம் வடிவமைப்பாளர் சக் ஜோர்டன் மதிய இடைவேளையில் வண்டியெடுத்துப் போனவர், கிரைஸ்லர் ஆலையின் வேலிக்குள் இந்தப் புதுக் கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டார். அலுவலகத்துக்குத் திரும்பிச் சொன்னதும் ஒவ்வொருவராகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். எர்ல் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். தங்கள் மேஜையில் இருந்த 1959 மாடல்கள் கனத்த, உப்பிய, கிழட்டுக் கார்கள் என்று அவர்களுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார்கள். மாமா தொட்டுப் பார்த்த துடுப்பு அப்படித்தான் பிறந்தது, ஒரு வேலியின் வழியே பார்த்த பொறாமையில். செலவைக் குறைக்க ஜெனரல் மோட்டார்ஸின் ஐந்து பிராண்டுகளும் அந்த ஆண்டு அடிப்படை உடற்கூட்டைப் பகிர்ந்துகொண்டன. ஏணியின் ஐந்து படியும் உள்ளே ஒரே மரம். கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமானால் வெளியே வித்தியாசம் கூச்சல் போட வேண்டும். செவ்ரோலேக்குத் துடுப்பு படுத்துக்கொண்டது, கேடிலாக்குக்கு நிமிர்ந்து நின்றது. 1958 செவ்ரோலேயின் உடலோ ஒரே ஒரு ஆண்டோடு கைவிடப்பட்டது.

1957 செவ்ரோலே பெல் ஏரைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைக்கு ஐம்பதுகளின் அமெரிக்கா என்றால் காலண்டரிலும் டீ கோப்பையிலும் அந்தக் காரின் படம்தான். ஆனால் வந்தபோது அது மூன்றாம் ஆண்டுப் பழைய உடலுக்கு ஒட்டுப் போட்ட முகம். ஃபோர்டும் ப்ளிமத்தும் முழுப் புதிதாக வந்திருந்தன, அந்த மாடல் ஆண்டில் ஃபோர்டு அதை விற்பனையில் முந்தியது. எனக்கு அந்தப் பெல் ஏர் இவை எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். புதிதாக ஒன்றைச் செய்வது வேறு, ஏற்கெனவே இருக்கிற எலும்பின்மேல் கைவைத்து, மாற்றவே முடியாத கூரைக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பின்பக்கத்தைச் செய்வது வேறு. வேறொருவர் எழுதிய பழைய கோடைத் திருத்தி வாழ்பவனுக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

எட்ஸலைப் பற்றி இலக்கிய இதழில் சொல்லாமல் போனால் தப்பாகிவிடும். ஃபோர்டு தன் புதிய பிராண்டுக்குப் பெயர் வைக்க 1955இல் கவிஞர் மரியான் மூரை அணுகியது. அவர் சிரத்தையாகப் பல பெயர்களை எழுதி அனுப்பினார். 'யுட்டோப்பியன் டர்டில்டாப்' அதில் ஒன்று. கனவுலக ஆமையோடு என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியில் ஃபோர்டு முதலாளியின் மறைந்த மகன் பெயரையே வைத்தார்கள். 1957 செப்டம்பரில் வந்த எட்ஸல் 1959 நவம்பரில் நிறுத்தப்பட்டது. ஆமை என்று வைத்திருந்தால் கொஞ்சம் அதிக நாள் இருந்திருக்குமோ என்னவோ.

இனி கணக்கு. ஃபிராங்க்ளின் ஃபிஷர், ஸ்வி கிரிலிக்கஸ், கார்ல் கேசன் என்ற மூன்று பொருளாதாரர்கள் 1962இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1949இல் இருந்த மாதிரியே கார்கள் இருந்திருந்தால் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட்டார்கள். 1956 முதல் 1960 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர். ஒரு காருக்கு 700 டாலர் அளவில், வாங்கும் விலையில் கால்பங்குக்கு மேல். துடுப்பு எதிர்ப்பாளர்கள் இந்த எண்ணை நிறைய மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதற்குள் பெரிய எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், பவர் ஸ்டீயரிங் எல்லாம் அடக்கம். தகரத்துக்கு மட்டுமான கணக்கல்ல. மூவரும் அதை வீண் என்றும் சொல்லவில்லை. மக்கள் விரும்பி வாங்கியிருக்கலாம் என்பதற்கு இடம் விட்டுத்தான் எழுதினார்கள். அந்த நாட்காட்டிக் காலத்தில்தான் 1955இல் செவ்ரோலேயின் சின்ன வி8 எஞ்சினும் வந்தது; அதன் வழித்தோன்றல்கள் பல பத்தாண்டுகள் ஓடின. வெளியே வருடத்துக்கு ஒரு சட்டை, உள்ளே ஒரு தலைமுறைக்கு ஒரே இதயம்.

சரி, பாதுகாப்பு? 1956இல் ஃபோர்டு அதை விற்கப் பார்த்தது. ராபர்ட் மெக்னமாரா அப்போது அங்கே இருந்தார், பிறகு வியட்நாம் போரை நடத்திய அதே மெக்னமாரா. நெஞ்சில் குத்தாத குழிந்த ஸ்டீயரிங், மோதலில் திறந்துகொள்ளாத கதவுப் பூட்டு எல்லா வண்டியிலும். சீட் பெல்ட்டும் மெத்தை வைத்த டேஷ்போர்டும் கேட்டால் கூடுதல் விலைக்கு. அந்த ஆண்டு செவ்ரோலே அதிகம் விற்றது. ஃபோர்டு பாதுகாப்பை விற்கிறது, செவ்ரோலே காரை விற்கிறது என்று டெட்ராய்ட்டில் ஒரு நக்கல் பிறந்தது. பாதுகாப்பு விற்காது என்ற முடிவுக்கு ஒரு தொழில் முழுவதும் வந்து சேர்ந்தது, ஒரே ஓர் ஆண்டின் ஒரே ஒரு சோதனையை வைத்து. செவ்ரோலேயிடம் புது வி8 இருந்ததையோ வேறு எதையுமோ யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு ஏ/பி டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தால் பயிற்சிக்கு வந்த பையன்கூட ஒத்துக்கொள்ள மாட்டான். அந்த ஆண்டுகளில் அமெரிக்கச் சாலைகளில் வருடத்துக்கு 36,000 பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள்.

ரால்ஃப் நேடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' 1965இல் வந்தது. ஸ்டைலிஸ்டுகளுக்கு அதில் தனி அத்தியாயம். நின்றுகொண்டிருந்த ஒரு கேடிலாக்கின் துடுப்பில் மோதி இறந்த ஒரு சிறுமியைப் பற்றி அங்கே எழுதுகிறார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு 'துடுப்பில் கெடுதியில்லை' என்ற என் மேலே உள்ள வாக்கியத்தை அப்படியே விட்டுவைப்பது கஷ்டம். விட்டுத்தான் வைக்கிறேன், ஆனால் திடத்தோடு அல்ல. அடுத்த ஆண்டே, 1966இல், பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968இலிருந்து சீட் பெல்ட் கட்டாயம். நாட்காட்டி செய்யாததைச் சட்டம் செய்தது.

என் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2008இல் ஒரு சட்டம் வந்தது. பெற்றோரே ரிவர்ஸ் எடுத்தபோது சக்கரத்தில் சிக்கி இறந்த குழந்தைகளின் குடும்பங்கள் போராடி வாங்கிய சட்டம். அதன்படி வந்த விதி 2018 மே முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் பொருந்தும். ரிவர்ஸ் எடுக்கத் தொடங்கியதிலிருந்து 2 நொடிக்குள் பின்கேமராவின் படம் திரையில் வர வேண்டும். நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில், காலையில் வண்டியைக் கிளப்பியதும் உடனே ரிவர்ஸ் போட்டால் எங்கள் படம் வர 1.7 நொடி ஆனது. சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் 1.7 நொடி எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள், கார் ஷெட்டிலிருந்து ஒரு வண்டி எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்று. அதை ஒரு நொடிக்குக் கீழே கொண்டுவர என்னிடம் ஒரு வழி இருந்தது. திரை விழித்தெழும் வரிசையை மாற்ற வேண்டும். ஆனால் அந்த வரிசையைத் தொட்டால் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும், 14 மாதம். மாடல் ஆண்டுக்குள் வராது. 'பாஸ்தானே ஆகுது, அப்புறம் பார்க்கலாம்' என்றார்கள். திட்டியோ மிரட்டியோ யாரும் சொல்லவில்லை, அட்டவணையைக் காட்டித்தான் சொன்னார்கள்.

அதே மாடல் ஆண்டுக்கு வேறொரு வேலை வந்தது. கதவைத் திறந்ததும் திரையில் வரவேற்பு அனிமேஷன் புதிதாக வேண்டும், போன வருஷத்து மாதிரி இருக்கக் கூடாது. 6 வாரம். அதை நான்தான் செய்தேன். காரின் விளிம்பு மட்டும் இருட்டில் ஒரு ஒளிக்கோடாக எழுந்து, வளைந்து, மெதுவாக அடங்கும். அடங்கும் வேகத்தின் வளைகோட்டுக்காக மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்கே அது சரியாக வர வேண்டும் என்று இருந்தது. வந்தபோது அவ்வளவு சந்தோஷம். எர்லின் கூடத்தில் களிமண்ணைத் தடவிக்கொண்டிருந்தவரிடம் போய் 'பிரேக் எங்கே?' என்று கேட்டிருந்தால் அவர் என்ன முகத்தோடு திரும்பிப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். என் முகத்தோடுதான்.

மாறாமல் இருந்தால் யோக்கியம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். மாறாத காருக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். 1959இலிருந்து டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் அந்த மாறாமையையே டெட்ராய்ட்டுக்கு எதிரான கிண்டலாக விற்றது. மாறாத தோற்றமும் கடைசியில் ஒரு தோற்றம்தான், ஒரு விற்பனை உத்திதான். உள்ளே பல சின்னத் திருத்தங்கள் நடந்துகொண்டிருந்தாலும், நேடரின் அடிப்பொடிகள் பின்னால் பீட்டிலையும் பாதுகாப்பற்றது என்று ஒரு புத்தகமே எழுதினார்கள். நம் அம்பாசிடரோ 1957 முதல் 2014 வரை ஏறத்தாழ ஒரே உடல். நடுவில் மார்க் 2, மார்க் 3 என்று வந்தவை பெரும்பாலும் கிரில் மாற்றங்கள். அது ஃபோர்டின் கொள்கைப் பிடிப்பு அல்ல, லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் போட்டியே இல்லாததன் சோம்பல். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் யாரும் அதன் காலங்கடந்த அழகைக் காத்திருப்பில் ரசித்ததாகத் தெரியவில்லை. மாமா ரசிக்கிறார், ஆனால் அவர் ரசிப்பது ரிப்பேர் செய்ய எளிது என்பதை.

ஐரோப்பியர்கள் இந்தக் கார்களை வேறு மாதிரி பார்த்தார்கள். லண்டனில் ரெய்னர் பான்ஹம், நாட்பட நிற்கும் கட்டடத்துக்கான அழகியலை வைத்துத் தூக்கியெறியப்படும் காரை அளக்கக் கூடாது என்று 1955லேயே வாதிட்டார். அதே ஆண்டு பாரிஸில் சிட்ரோயன் டிஎஸ் அறிமுகமானது. ரோலான் பார்த் அதைக் கோதிக் தேவாலயங்களோடு ஒப்பிட்டு எழுதியது பலர் படித்திருப்பீர்கள். பார்த்துக்கு டிஎஸ்ஸில் பிடித்தது தையல் தெரியாத வழவழப்பு. அமெரிக்கக் காரில் தையல் தெரியும், இரண்டு வண்ணம் சந்திக்கும் இடத்தில் மேலே ஒரு குரோமியப் பட்டை ஓடும். எனக்கு அந்தப் பட்டை மேல் மரியாதை உண்டு. இங்கே ஒரு இணைப்பு இருக்கிறது, இதை மறைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மறைக்கிறது.

பான்ஹமின் தூக்கியெறியப்படும் கார் என்ற கணக்கை ஹவானா தப்பாக்கிவிட்டது. அமெரிக்கத் தடைக்குப் பிறகு க்யூபாவுக்கு அமெரிக்காவிலிருந்து புது வண்டியோ உதிரிபாகமோ போகவில்லை. அங்கே ஐம்பதுகளின் செவ்ரோலேயும் ப்யூக்கும் இன்னும் பங்கு டாக்ஸியாக ஓடுகின்றன, பானெட்டைத் திறந்தால் பலவற்றில் சோவியத் அல்லது வேறு ஏதோ டீசல் எஞ்சின். ஒரு வருஷத்தில் பழசாக வேண்டும் என்று செய்யப்பட்ட தோல் அறுபது ஆண்டுக்கும் மேல் நிற்கிறது, நிலைக்க வேண்டும் என்று செய்யப்பட்ட எஞ்சின் போய்விட்டது. இதை வைத்து எர்லை மன்னிப்பதா கூடாதா என்று எனக்குப் புரியவில்லை.

துடுப்பு ஒரே நாளில் வெட்டப்படவில்லை. 1959இன் உச்சத்துக்குப் பிறகு ஓய்வு பெற்றுவிட்ட எர்லின் இடத்தில் பில் மிட்செல் இருந்தார். 1960இல் கொஞ்சம் இறங்கியது, 61இல் இன்னும், 64இல் ஒரு விளிம்பாக நின்றது, 65இல் ஏறக்குறைய இல்லை. போன வருஷம் வாங்கியவர் மனம் நோகாமல் ஒரு தவறை எப்படித் திரும்பப் பெறுவது என்பதற்கு ஆறு ஆண்டுத் திட்டம். எங்கள் மென்பொருளில் பழைய வசதியை நீக்குவதும் இப்படித்தான் நடக்கும், இவ்வளவு நளினமாக இல்லாவிட்டாலும்.

அன்று உட்வர்டிலிருந்து கிளம்பும்போது இருட்டிவிட்டது. கதவைத் திறந்தேன். என் அனிமேஷன் வந்தது. ஒளிக்கோடு எழுந்து, வளைந்து, அடங்கியது. மாமா "நல்லாருக்குதுங் மாப்ள" என்றார். ரிவர்ஸ் போட்டேன். திரை கறுப்பாக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு காத்திருக்க, மாமா ஏற்கெனவே ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்து, காரின் பக்கவாட்டைக் கையால் தட்ட ஆரம்பித்திருந்தார். "வரலாம்... வரலாம்... ரைட்ல ஒடிங்க... வரலாம்..."